கோலத்தில் விழுந்த கியர் ஆயில்

என் மனைவிக்கும் என் ஜீப்புக்கும் நடுவில் பல வருடங்களாக ஒரு வழக்கு நடந்தது. அதில் ஜீப்புக்கு வக்கீலும் நான்தான், சாட்சியும் நான்தான், தண்டனை வாங்கினவனும் நான்தான்.

வழக்கு இவ்வளவுதான். மைசூரில் எங்கள் வீட்டுக்கு முன்னால் இருக்கிற இடம் ஜீப்பின் நீளத்தைவிடக் கொஞ்சம் குறைவு. வீடு கட்டும்போது என்னிடம் ஜீப் இல்லை. இருந்திருந்தால் சமையலறையைக் குறைத்திருப்பேன். மூக்கு சுவரில் முட்டுகிற மாதிரி நிறுத்தினாலும் பின்சக்கரம் இரண்டும் கேட்டுக்கு வெளியேதான் நிற்கும். அந்தக் கேட்டை மூடிப் பல வருடம் ஆகிறது. கேட்டுக்கு வெளியேதான் அவள் கோலமும் போடுவாள். விடிந்ததும் நான் ஜீப்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். அவள் பெருக்கி, தண்ணீர் தெளித்து, புள்ளி வைத்துப் போடுவாள். மத்தியானம் வந்து, சக்கரம் எதன்மேலும் ஏறாமல், கோலம் இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் வருகிற மாதிரி நிறுத்துவேன். அப்படி நிறுத்துவதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. ஆனால் சாயங்காலம் பார்த்தால் கோலத்தின் நட்டநடுவில் கறுப்பாக ஒரு வட்டம் விழுந்திருக்கும்.

"ஏனுங்க, உங்க ஜீப்பு மறுக்காவும் ஒண்ணுக்குப் போயிருக்குது."

"அது ஒண்ணுக்கு இல்லெ அம்மிணி. கிரவுன் ஆயிலு."

"எதுவோ ஒண்ணு. வாசல்ல போற வயசா அதுக்கு?"

நாங்கள் இரண்டு பேரும் ஹனூர்ப் பக்கத்து ஆட்கள். மைசூருக்கு வந்து தலை நரைத்துவிட்டது, பேச்சு மட்டும் இன்னும் பஸ் ஏறவில்லை. வெளியில் கன்னடம் பேசுவோம், சண்டை மட்டும் ஊர்ப் பேச்சில்.

கிரவுன் என்று டிரைவர்கள் நாங்கள் சொல்வது டிஃபரன்ஷியலைத்தான். ஜீப்புக்குப் பின்னால் குனிந்து பார்த்தால் இரண்டு சக்கரத்தையும் சேர்க்கிற இரும்பு ஆக்ஸில் குழாயின் நடுவில் பூசணிக்காய் மாதிரி ஒன்று உருண்டு இருக்கும். என்ஜினிலிருந்து வருகிற சுற்றை இரண்டு சக்கரத்துக்கும் பங்கு போட்டுக் கொடுக்கிற பல்சக்கரங்கள் அதற்குள் இருக்கின்றன. வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் கூட ஓட வேண்டும், உள்சக்கரம் குறைவாக ஓட வேண்டும். அண்ணன் தம்பிக்குக் காட்டைப் பிரித்துக் கொடுக்கிற மாதிரி வேலை. யாருக்கும் மனக்குறை வரக்கூடாது. அந்தப் பற்கள் ஒன்றை ஒன்று நசுக்கிக்கொண்டேதான் சுற்றும். நடுவில் எண்ணெய் குறைந்தால் ஊளை விடும். அந்த எண்ணெய்க்கு ஒரு நாற்றம் உண்டு. கெட்டுப்போன முட்டையோடு கருகின பூண்டைச் சேர்த்தால் கிட்டத்தட்ட வரும். துணியில் ஒரு சொட்டு பட்டால் அந்தத் துணியை நீங்கள் மறந்துவிடலாம், அது உங்களை மறக்காது. சின்ன வயதிலிருந்து அதிலேயே கிடந்தவன் என்பதால் எனக்கு அந்த நாற்றம் தெரிவதே இல்லை. எனக்குத் தெரியாத நாற்றத்தையெல்லாம் சேர்த்து அவள்தான் மோந்தாள்.

போன தசராவுக்கு முன்னால், யானைகளைத் தெருவில் நடத்திப் பழக்குகிற சமயத்தில், அவள் தீர்ப்புச் சொன்னாள்.

"அத்தாப் பெரிய யானெ தெருவுல போகுது. போட்டாலும் அள்ளி எருவுக்காச்சும் ஆகுது. உங்க ஜீப்பு உடறது எதுக்குங்க ஆகும்?"

"எண்ணெ கசியாமப் புடிக்கற ரப்பர் சீல் தேஞ்சிருக்கும். மாத்திப்போடலாம்."

"இதயேதான் நீங்க எப்பவும் சொல்றீங்க. ஆயுத பூஜைக்குள்ள ஒழுக்கு நிக்கோணும். நிக்காட்டி ஜீப்பு போகோணும். பூஜெ போட்ட வண்டியெ நான் விக்க உடமாட்டேன். அதனால பூஜைக்கு முந்தியே போயிரோணும்."

வாங்குவதற்கு ஆளும் தயாராக இருந்தார். குடகுப் பக்கத்தில் காப்பித் தோட்டம் வைத்திருக்கிறவர். ஒருநாள் பெட்ரோல் பங்கில் ஜீப்பைப் பார்த்துவிட்டு, பெண் பார்க்க வந்தவர் மாதிரி சுற்றிச் சுற்றி வந்து, என் நம்பரை வாங்கிக்கொண்டு போயிருந்தார். நான் போனை எடுப்பதில்லை என்று தெரிந்ததும் என் மனைவியின் நம்பருக்குப் பேச ஆரம்பித்தார். கெட்டிக்காரர்.

ஜீப் போனால் என்ன என்று உங்களுக்குத் தோன்றலாம். என் வயதில் வண்டியை விற்ற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். காலையில் பார்க்குக்குப் போவார்கள். பெஞ்சில் உட்கார்ந்து அவரவர் மாத்திரையின் கலரைப் பற்றிப் பேசுவார்கள். வீட்டுக்கு வந்ததும் பெண்டாட்டி முன்னால் பூண்டுத் தட்டை வைத்து உரிக்கச் சொல்வாள். எனக்குப் பள்ளிக்கூடம் தெரியாது, பேப்பர் படிக்கத் தெரியாது. ஸ்டியரிங் பிடித்தால்தான் எனக்கு நாலு விஷயம் ஞாபகம் வரும். அமாவாசைக்கு அமாவாசை கொள்ளேகால், ஹனூர் வழியாக மாதேஸ்வரன் மலைக்குப் போவேன். மற்ற நாளில் எங்கே போவேன் என்று கேட்டால், அது எனக்கும் கேட்டைத் தாண்டின பிறகுதான் தெரியும். ஜீப்பை விற்றால் நான் பூண்டு உரிக்க வேண்டியதுதான்.

இந்த ஜீப்பை நான் வாங்கினதே ஒரு கதை. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

நஞ்சன்கூட்டில் ஒரு ஆளிடம் வாங்கினேன். ஓட்டிப் பார்த்தபோது கிரவுனில் சத்தமே இல்லை. பழைய ஜீப், மலைச்சாலையில் அடிபட்ட ஜீப், கொஞ்சமாவது முனக வேண்டும். இது பட்டுப் போட்ட மாதிரி ஓடியது. நான் மயங்கிவிட்டேன். வீட்டுக்குக் கொண்டுவந்து ரெண்டு நாள் ஓட்டியதும் ஒரு வாசனை. மூன்றாம் நாள் ஒரு முனகல். எதற்கும் எண்ணெயை மாற்றிவிடலாம் என்று வாசலிலேயே ஜீப்பைக் கல்லின்மேல் ஏற்றி, கீழே பேசினை வைத்து, கிரவுனின் அடிப் போல்ட்டைக் கழற்றினேன். எண்ணெய் வரவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பழுப்பாக, கொழகொழவென்று, கட்டி கட்டியாக ஒன்று இறங்கியது. வாழைப்பழம். அந்த ஆள் சத்தத்தை அமுக்குவதற்காக கிரவுன் நிறைய ரசபாளை வாழைப்பழத்தைத் திணித்து விற்றிருக்கிறான். மரத்தூள் போடுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நஞ்சன்கூட்டுக்காரன், அந்த ஊர்ப் பழத்தையே போட்டிருந்தான். விலை உசத்தியான பழம். நம்மை ஏமாற்றினாலும் மட்டமான சாமான் போடவில்லையே என்று அன்றைக்கு அதுதான் எனக்கு ஆறுதல்.

என் மனைவி பேசினைப் பார்த்தாள். குனிந்து மோந்தாள். அப்புறம் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"எதுக்குக் கும்புடற?"

"பஞ்சாமிர்தமுங்க."

"வாழப்பழத்த உள்ள திணிச்சு ஏமாத்திப்போட்டான் அம்மிணி."

"அவன் திணிச்சான். ஆனா உள்ள யாரோ இருக்கப்போயித்தானுங்க பஞ்சாமிர்தமா வருது."

அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டால் தேடாமல் விடமாட்டாள். ஜீப்பின் பின்னால் உட்கார்ந்து, முந்தானையைச் செருகிக்கொண்டு, கீழே தலையை விட்டுப் பார்த்தாள். பூசணிக்காய்க்குப் பக்கத்தில், ஆக்ஸில் குழாயின் மேல்பக்கம், கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு குமிழ் நிமிர்ந்து நிற்கும். உருண்டைத் தலை, கீழே ஒரு சின்னப் பீடம், லிங்கம் மாதிரி. அதைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது.

"மாதேஸ்வரன் இங்கதானுங்க உக்காந்திருக்கறாரு."

மலைக்குப் போகிற வண்டியில் மலைச்சாமி உட்கார்ந்திருப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. மலைப்பாதையில் ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றுமே இல்லை. நான் வீட்டுக்குத் திரும்பி வருகிறவரைக்கும் அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். அந்த வருட ஆயுத பூஜையில் எலுமிச்சம்பழம் சக்கரத்துக்கு, மாலை மூக்குக்கு, சந்தனமும் குங்குமமும் விபூதியும் அந்தக் குமிழுக்கு என்று ஆனது. அதற்கு அடுத்த வருடமும் ஆனது. பழையதை எடுக்கக்கூடாது என்று அதன்மேலேயே வைத்தாள். சந்தனத்தின்மேல் மலைச்சாலைப் புழுதி, புழுதியின்மேல் சந்தனம், அதன்மேல் நெய். சாமி வருடா வருடம் வளர்ந்தார். கடைசியில் ஒரு சின்ன லட்டு அளவுக்கு வந்துவிட்டார்.

சரி, தீர்ப்புக்கு வருகிறேன்.

மண்டி மொஹல்லாவில் எனக்கு ஒரு மெக்கானிக் இருக்கிறான். கன்னடக்காரன், என்னைவிட ரெண்டு வயது சின்னவன். தமிழ் பேசுவான். அவன் பேசுகிற தமிழுக்கு நடுவில் அங்கங்கே கன்னடம், ஊறுகாயில் மிளகாய் மாதிரி மாட்டும். அவனிடம் போய் ஒழுக்கைச் சொன்னேன். அவன் ஜீப்புக்குக் கீழே போனான், அங்கேயே ஒரு கும்பிடு போட்டான், சுற்றிப் பார்த்தான், வெளியே வந்தான்.

"அண்ணா, நீங்க என்ன ஆயில் போடறீங்க?"

"தொண்ணூறு. எப்பவும் அதுதான்."

"அதுதான் தப்பு. வண்டிக்கு வயசாச்சு. வயசான வண்டிக்கு தொண்ணூறு தண்ணி மாதிரி. நூத்தி நாப்பது ஹாக்கோணா, அதையே ஊத்தலாம். கெட்டியா இருக்கும். எப்படி வெளிய வரும், நோடுவோம்."

எண்ணெயின் கெட்டிக்குத்தான் அந்த நம்பர். தொண்ணூறு என்றால் விளக்கெண்ணெய் மாதிரி ஓடும், நூத்தி நாப்பது வெல்லப்பாகு மாதிரி. எனக்கும் அவன் சொன்னது நியாயமாகப் பட்டது. டப்பாவின்மேல் எழுதியிருப்பதை நான் படிக்க முடியாது. மூடியைத் திறந்து, ரெண்டு விரலுக்கு நடுவில் வைத்து இழுத்துப் பார்த்து வாங்குகிறவன் நான். நூல் மாதிரி இழுத்தது. நல்ல சரக்கு என்று வாங்கினேன்.

பழைய எண்ணெயை இறக்குவதற்கு முன்னால் வண்டியைக் கொஞ்சம் ஓட்டிச் சூடு பண்ண வேண்டும், அப்போதுதான் அடியில் இருக்கிற கசடெல்லாம் சேர்ந்து வரும். ஓட்டிவிட்டு வந்து இறக்கினோம். வந்த எண்ணெய் கறுப்பாக இல்லை. பால்காப்பி நிறம்.

"தண்ணி போயிருக்கு அண்ணா உள்ளே. ஆத்துல இறக்கினீங்களா?"

"ஒரு ஓடை தாண்டினேன். ஓடைத் தண்ணி முழங்காலுக்குக்கூட வராது."

"ஒழுகற வழில தண்ணி உள்ள போகுது. அவ்வளவுதான். சும்னிரி, எல்லாம் சரியாயிடும்."

சும்மா இரு என்று சொன்னால் நான் இருப்பேன், எண்ணெய் இருக்க வேண்டுமே. நூத்தி நாப்பதை ஊற்றிய மறுநாள் காலையில் ஜீப் விருந்து சாப்பிட்ட சம்பந்தி மாதிரி எழுந்திருக்கவே யோசித்தது. ஒரு மைல் போன பிறகுதான் கால் எடுத்து வைத்தது. சாயங்காலம் வந்து நிறுத்தினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் விழவில்லை. நான் உள்ளே போய்க் காப்பி கேட்டேன். வெளியிலிருந்து அவள் குரல்.

"ஏனுங்க, இப்ப கட்டியாப் போகுதுங்க!"

இதைக் கேட்டு என் மகள் போனில் சிரித்தாள், பக்கத்தில் இருந்த மாப்பிள்ளை சிரிக்கவில்லை. அவர் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. எதையும் சிரிக்காமல் விசாரிக்கிற மனுஷன். சனிக்கிழமை கையில் ஒரு கேனும், ஒரு புது சீலும், ஒரு ஜோடி நீலக் கையுறையும் எடுத்துக்கொண்டு வந்து இறங்கினார்.

"மாமா, கெட்டி முக்கியம் இல்ல. கேன் மேல ஜி.எல். அஞ்சுன்னு இருக்கா, அதுதான் பாக்கணும். அந்தப் பல்லு ஒண்ண ஒண்ணு அவ்வளவு அழுத்துது. அதுக்குன்னு மருந்து கலந்த ஆயில் இது. சிந்தெடிக். காலைல குளிர்லயும் ஓடும், மலையேறி சூடானாலும் தாங்கும்."

"நாத்தம் அடிக்குமுங்களா மாப்பிள்ளெ?" என்று என் மனைவி கேட்டாள்.

"அடிக்கும் அத்தை. அந்த மருந்துதான் அந்த வாசனை."

"வாசனைன்னு சொல்றாரு பாருங்க, நல்ல புள்ளெ," என்று என்னைப் பார்த்தாள்.

மாப்பிள்ளை ஒரு வீடியோவை ஓடவிட்டு, போனை டயரில் சாய்த்து வைத்து, அதைப் பார்த்துப் பார்த்து வேலை செய்தார். முதலில் மேலே இருக்கிற, எண்ணெய் ஊற்றுகிற போல்ட்டைக் கழற்றினார். நான் சிரித்தேன். இறக்குவதற்கு முன்னால் ஊற்றுகிற வழியை எதற்குத் திறக்கிறீர்கள் என்றேன்.

"அது துருப்பிடிச்சு கழலலன்னு வைங்க மாமா. கீழ எல்லாத்தையும் இறக்கிட்டு மேல ஊத்த வழியில்லாம வண்டி இங்கயே நிக்கும்."

நான் சிரிப்பை நிறுத்திக்கொண்டேன். மலைமேல் ஒரு காண்ட்ராக்டர் ஜீப் அப்படி நின்று, நாங்கள் உளியும் சுத்தியும் வைத்துப் பொழுது சாயச் சாய அடித்தது ஞாபகம் வந்தது. நாங்கள் அடிபட்டுக் கற்றதை இவர்கள் போனில் கற்றுக்கொள்கிறார்கள். சந்தோஷம்தான்.

அவர் அடியில் போகும்போது என் மனைவி மட்டும் குனிந்து, "மாப்பிள்ளெ, மேல சாமி இருக்கறாரு. கை பட்டுறாமப் பாத்துக்குங்க" என்றாள்.

"எங்க அத்தை?"

"அந்தக் கொழாய் மேல. சந்தனம் வெச்சிருக்கு பாருங்க."

"ஓ. ஆமா, தெரியுது," என்றார். கையுறையைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நல்ல வளர்ப்பு.

சீல் மாற்றினார். எண்ணெயை ஊற்றினார். ஊற்றுகிற ஓட்டையிலிருந்து எண்ணெய் லேசாக வழிய ஆரம்பித்ததும் நிறுத்தினார், அதுதான் கணக்கு. விரலை உள்ளே மடக்கி விட்டுப் பார்த்தேன், நுனியில் நனைந்தது. ரெண்டு பேரும் ஒரே அளவில் ஒத்துப்போனோம். போல்ட்டை முடுக்கும்போது அவர் வீடியோவை நிறுத்தி, திரும்ப ஓட்டி, ஜீப்புக்குக் கீழே லைட் அடித்துப் பார்த்தார்.

"மாமா, இந்த ஆள் கடைசில ஒரு குமிழ சுத்தம் பண்ணச் சொல்றான். ஆக்ஸில் மேல இருக்குமாம். நம்ம வண்டில அப்படி ஒண்ணும் காணோம்."

நானும் போய்ப் பார்த்தேன். குழாயின்மேல் சாமி இருந்தார். வேறு ஒன்றும் இல்லை.

"அது புது மாடலுக்கா இருக்கும் மாப்பிள்ளெ."

"இருக்கும் இருக்கும்."

மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை பெங்களூருக்குப் போனார். திங்கட்கிழமை நான் நஞ்சன்கூடு வரைக்கும் போய்வந்து நிறுத்தினேன். புது எண்ணெய், புது சீல். விழுந்தது. தேன் நிறத்தில், கண்ணாடி மாதிரி, அடியில் கோலத்தின் புள்ளிகூடத் தெரிகிற மாதிரி சுத்தமாக விழுந்தது. என் ஆயுளில் அவ்வளவு அழகான ஒழுக்கை நான் பார்த்ததில்லை.

என் மனைவி அதை நின்று பார்த்தாள். உள்ளே போய், தோட்டக்காரருக்குப் போன் போட்டு, பூஜைக்கு முந்தின நாள் வரச் சொல்லிவிட்டாள்.

அந்த நாள் வந்தது. மைசூர் முழுக்க மாவிலை, பூ, பூசணிக்காய் வண்டி. எங்கு பார்த்தாலும் ஆட்கள் ஸ்கூட்டரைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நான் ஜீப்பைக் கடைசியாக ஒருமுறை ரிங் ரோடு முழுக்கச் சுற்றிவிட்டு, வாட்டர் சர்வீஸில் கழுவக் கொடுத்தேன். அங்கிருந்த ஆள் பைப்பை வைத்து அடியெல்லாம் அடித்துவிட்டு, சாமி வந்த இடத்தில் மட்டும் தண்ணீரை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். எந்த வருடமும் அப்படித்தான் செய்வான். வீடு ஊருக்கு அந்தப் பக்கம். தசராக் கூட்டத்தில் முதல் கியரிலேயே ஊர்ந்து, ஜீப் நன்றாகக் கொதித்துப்போய் வந்து நின்றது. நான் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தோட்டக்காரர் வழியில் வருகிறாராம். நெரிசலில் மாட்டியிருக்கிறாராம். அவ்வளவு நெரிசலுக்கும் நான் நன்றி சொன்னேன்.

என் மனைவி ஒரு தாம்பாளத்தோடு வெளியே வந்தாள். தாம்பாளத்தில் வெற்றிலை, ஒரு சிவப்புத் துணி, ஒரு ஸ்பூன்.

"இது என்னத்துக்கு அம்மிணி?"

"சாமிய எறக்கோணுமுங்க. வேத்து ஆளு கைல ஜீப்பெக் குடுப்பேன். சாமியக் குடுக்க முடியுமா? பேத்து எடுத்துக் குடுங்க. பூஜெ ரூம்புல வெச்சுக்கறேன்."

எனக்கு மனசில்லை. ஆனால் அவள் சொல்வதும் சரிதான். ஸ்பூனை வாங்கிக்கொண்டு அடியில் ஊர்ந்தேன். ஆக்ஸில் பக்கத்தில் அடுப்பு மாதிரி அனல். மாதேஸ்வரா, மன்னிச்சுக்கோ என்று சொல்லிவிட்டு சந்தன உருண்டையின் அடியில் ஸ்பூனைக் கொடுத்து நெம்பினேன். வரவில்லை. பாறை மாதிரி இறுகியிருந்தது. இன்னும் ஒரு நெம்பு. உருண்டை அப்படியே கழன்று என் உள்ளங்கையில் விழுந்தது.

உடனே உள்ளேயிருந்து யாரோ மூச்சு விட்டார்கள்.

புஸ்ஸ்ஸ்... என்று நீளமாக. பந்தியில் மூன்றாம் முறை பாயசம் வாங்கினவர் எழுந்து வேட்டியைத் தளர்த்திவிட்டு விடுவாரே, அந்த மாதிரி மூச்சு. முடிகிற மாதிரி வந்து, இன்னும் கொஞ்சம் வந்தது. சூடாக என் முகத்தில் அடித்தது.

"யாருங்க அது?" என்றாள் அவள், மேலிருந்து.

நான் தலையை இன்னும் உள்ளே நுழைத்துப் பார்த்தேன். ஆக்ஸில் குழாயின்மேல் அந்தக் குமிழ் வெள்ளையாக, நாணயம் மாதிரி தெரிந்தது. விரலால் தொட்டேன். லேசாக ஆடியது. அப்போதுதான் எனக்கு அது என்னவென்று தெரிந்தது. பிரீதர், ஆக்ஸிலின் மூச்சுத்துளை. வண்டி ஓடும்போது கிரவுன் சூடாகும், உள்ளே இருக்கிற காற்று உப்பும், உப்பின காற்று அந்தக் குமிழின் இடுக்கு வழியாக வெளியே போகும். அந்த வழியை அடைத்துவிட்டால் காற்று என்ன செய்யும்? எண்ணெயைப் பிடித்துத் தள்ளும். எண்ணெய் எந்த சீலாக இருந்தாலும் பிதுங்கிக்கொண்டு வரும். தொண்ணூறோ, நூத்தி நாப்பதோ, பெங்களூர் சிந்தெடிக்கோ, எல்லாம் ஒன்றுதான். சூடாக இருக்கிற கிரவுன் ஓடைத் தண்ணீரில் இறங்கிக் குளிர்ந்தால் உள்ளே காற்று சுருங்கும், எண்ணெய் பிதுங்கின அதே சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். பால்காப்பி அப்படி வந்தது. முன்பக்கத்து ஆக்ஸில் ஒருநாளும் ஒழுகாததற்கும் காரணம் இப்போது தெரிந்தது. அங்கே அவள் கை எட்டாது, அதனால் அங்கே சாமி இல்லை.

மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொல்லிவிட்டுக் கேட்டேன்.

"ஏண்டா, நீ எத்தன தடவ அடியில போயிருக்க. பிரீதர் உனக்குத் தெரியாதா?"

"பிரீதர் தெரியும் அண்ணா. ஆனா அது உங்க வண்டில சாமி. சாமிய நான் எப்படி ஸ்பேனர் போட்டுத் திருகறது? நீங்களே சொல்லுங்க. நான் அங்க கும்பிட்டுட்டுதானே வேலையே ஆரம்பிக்கறேன்."

அவனைத் திட்ட முடியவில்லை. எனக்கும்தான் பிரீதர் தெரியும். ஆனால் ஒன்றைச் சாமி என்று வைத்துவிட்ட பிறகு அது பிரீதராக இருப்பதில்லை.

நான் வெளியே ஊர்ந்து வந்தேன். உருண்டை என் கையில். இதை என் மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இத்தனை வருடமாக ஜீப்பின்மேல் சுமத்தின குற்றத்துக்கு அவளுடைய சந்தனம்தான் காரணம் என்று சொன்னால், வழக்கில் நான் ஜெயித்துவிடுவேன். சோறு யார் போடுவது? அதனால் காற்று, சூடு, குமிழ் என்று மெதுவாக, குற்றம் யார்மேலும் விழாமல், பொதுவாகச் சொன்னேன். அவள் உருண்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். அதன் அடியில் குமிழின் வடிவம் குழிவாக, அச்சு எடுத்த மாதிரி இருந்தது.

அவள் கண் கலங்கிவிட்டது.

"அப்ப இத்தன வருசமா சாமிக்கு மூச்சு முட்டிச்சுங்களா?"

நான் சொல்ல நினைத்தது அதில்லை. ஆனால் அவள் சொன்னதில் தப்பும் இல்லை.

"கொஞ்சம் முட்டியிருக்கும்."

"நம்மகிட்டச் சொல்லத்தானுங்க தெனமும் வாசல்ல வந்து..." என்று கோலத்தைப் பார்த்தாள். "நான் ஒண்ணுக்குன்னு சொல்லிப்போட்டனே. வாய்ல அடிக்கோணும்."

அந்த நேரத்தில் அவள் போன் அடித்தது. தோட்டக்காரர். நான் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, கன்னடத்தில் கணீரென்று சொன்னாள்.

"கொடக்காகல்ல சார். நம்ம தேவரு இதாரெ அதரல்லி."

கொடுக்க முடியாது, எங்கள் சாமி அதில் இருக்கிறார் என்று. அந்தப் பக்கம் அவர் ஏதோ சொன்னார். டேஷ்போர்டில் இருக்கிற படத்தை எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு வண்டி போதும் என்றிருப்பார்.

"டேஷ்போர்டல்ல சார். ஹிந்தெ, ஆக்ஸில் மேலெ. அல்லே உசிராடோது."

முன்னால் இல்லை, பின்னால், ஆக்ஸில்மேல், அங்கேதான் மூச்சு விடுகிறார். இதற்குப் பிறகு தோட்டக்காரர் போனை வைத்துவிட்டார். பாவம், அவ்வளவு தூரத்திலிருந்து வந்து நெரிசலில் உட்கார்ந்திருக்கிற மனுஷன்.

மறுநாள் ஆயுத பூஜை. எலுமிச்சம்பழம், மாலை, பூசணிக்காய் எல்லாம் நடந்தது. சந்தனக் கிண்ணத்தோடு அவள் பின்னால் வந்து குனிந்தாள். பழக்கத்தில் கை நேராக அந்தக் குமிழுக்குப் போனது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கை பாதியில் நின்றது.

"எங்கீங்க வெக்கறது?"

"தொப்பைல வையி," என்று பூசணிக்காய் மாதிரி உருண்ட கிரவுனைக் காட்டினேன். அங்கே கனமாக ஒரு பொட்டு வைத்தாள். குமிழுக்கு ஒரே ஒரு பூவைப் பக்கத்தில், ஒட்டாமல் வைத்தாள். முதல் வளைவிலேயே அது விழுந்துவிட்டது. அது பரவாயில்லை.

அதிலிருந்து கோலத்தில் ஒரு சொட்டு விழவில்லை. மாப்பிள்ளையின் எண்ணெய்தான் இன்னும் உள்ளே இருக்கிறது, நல்ல எண்ணெய். கேட்டை மட்டும் இன்னும் மூட முடியவில்லை. ஆனால் ஒன்று. முன்பெல்லாம் நான் வந்து நிறுத்தினால் அவள் கோலத்தைத்தான் பார்ப்பாள். இப்போது கோலத்தைப் பார்ப்பதில்லை. கதவருகே நின்றுகொண்டு கேட்கிறாள்:

"சாமி மூச்சு உடறாருங்களா?"

முழங்கால் வலியோடு நான் குனிய வேண்டும். அடியில் கையை விட்டு, குமிழை விரலால் ஆட்டிப் பார்க்க வேண்டும். "உடறாரு" என்று நான் சொன்ன பிறகுதான் காப்பி.